தயிர் சாதத்தில் கொஞ்சம் பால்

மன்னார்குடி
ஆவணி 29, ஞாயிறு

தம்பி செந்திலுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். அங்கே நீ, பிரியா, குட்டி மூவரும் நலமாக இருக்க வேண்டும். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் பாதி பேசுவதற்குள் "சரிப்பா, அப்புறம் பேசறேன்ப்பா" என்று வைத்துவிடுகிறாய். தாள் அப்படி வைக்காது.

வீடு முழுக்கப் பிரித்துப் போட்டுக் கிடக்கிறது. ஆடி முடியட்டும் என்று காத்திருந்து, ஆவணி பிறந்த மறுநாளே கொத்தனாரை வரச் சொன்னேன். ஐப்பசி மழைக்கு முன்னால் கூரை மூடியாக வேண்டும். 2018இல் கஜா அடித்ததிலிருந்து பின்கட்டுக்குத் தார்ப்பாய்தான் கூரை. ஏழு வருடத்தில் நாலு தார்ப்பாய் மாற்றிவிட்டோம். அந்தக் காசுக்கு அன்றைக்கே ஓடு போட்டிருக்கலாம் என்கிறாள் அம்மா. சொல்லட்டும். நாட்டு ஓட்டைப் பிரித்து அடுக்கத் தெரிந்த கை இப்போது ஊரில் இல்லாததால் சீமை ஓடு என்று முடிவாயிற்று. ஓடு தாங்குகிற பழைய ரீப்பர்க் கட்டையைத் தொட்டால் மாவாகக் கொட்டுகிறது, உள்ளே அத்தனையும் கரையான். கைமரங்கள் மட்டும் தாத்தா போட்ட தேக்கு. ஆசாரி சுத்தியலால் ஒவ்வொன்றாகத் தட்டிக் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "இது நம்மையெல்லாம் அனுப்பி வச்சிட்டுத்தான் போகும்" என்றார்.

கூடத்து மொட்டை மாடிதான் பெரிய வேலை. முதலில் வந்த காண்ட்ராக்டர் சிமெண்ட் போட்டுப் பூசிவிடலாம் என்றார். அது மெட்ராஸ் டெரஸ். கட்டையும் செங்கல்லும் சுண்ணாம்புமாக நூறு வருடம் மூச்சுவிட்டுக்கொண்டு இருந்தது. மேலே சிமெண்டை இறுக்கினால் ஈரம் உள்ளேயே நின்று கட்டையைத் தின்றுவிடும். வடுவூர்ப் பக்கத்திலிருந்து ஒரு வயசான கொத்தனாரைத் தேடிப் பிடித்தேன். அவர் சுண்ணாம்பைப் புளிக்க வைத்து, கடுக்காயையும் வெல்லத்தையும் ஊறப்போட்ட தண்ணீரை விட்டு அரைக்கச் சொன்னார். தெருவே கள்ளுக்கடை போல நாறியது. நம் டைகர் வெல்ல வாசனைக்கு ஆசைப்பட்டு அண்டாவில் வாயை வைத்தது. கடுக்காய்த் துவர்ப்பு ஏறியதும் அது போட்ட முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். அதற்குப் பழி வாங்குவதுபோல் மறுநாள் சித்தாளின் தூக்குவாளியைக் கவிழ்த்து மீன் குழம்பு சாதத்தைத் தின்றுவிட்டது. நான் அந்தப் பெண்ணுக்கு ஓட்டலில் சாப்பாடு வாங்கிக் கொடுத்து மன்னிப்புக் கேட்டேன். அன்றிலிருந்து அம்மா வைக்கிற மோர் சாதத்தை அது மோந்துகூடப் பார்ப்பதில்லை. ஒரு கண்ணில் புரை விழுந்த கிழத்துக்கு இருக்கிற ராங்கியைப் பார்.

செலவைப் பற்றி நீ யோசிக்க வேண்டாம். குத்தகைப் பணம் வந்திருக்கிறது. இந்த மாதம் நீ பணம் அனுப்பாதே. அடுத்த மாதமும் வேண்டாம். அனுப்பினால் திருப்பி அனுப்பிவிடுவேன்.

போன செவ்வாய்க்கிழமை நாலு மணிக்கு உன்னைக் கூப்பிட்டேன் அல்லவா, அப்போது உனக்குப் பின்னால் ஒரு பையன் "தேங்கா மாங்கா பட்டாணி சுண்டல்" என்று கூவிக்கொண்டு போனான். உன் ஆபீசில் எல்லா வசதியும் இருக்கிறது போலிருக்கிறது. கேட்கலாம் என்று நினைத்தேன், வைத்துவிட்டாய். சரி, அதை விடு. மத்தியானம் வெளியில் வாங்கிச் சாப்பிடாதே. பிரியா கட்டிக் கொடுப்பதைச் சாப்பிடு. தயிர் சாதமாக இருந்தால் தயிரைக் குறைத்துப் பாலைக் கூட்டிப் பிசையச் சொல். வெயிலில் புளிக்காது. நீ ஏசியில் இருக்கிறவன்தான், இருந்தாலும் சொல்கிறேன்.

நூலகத்துக்கு வாரம் மூன்று நாள் போகிறேன். சம்பளம் இல்லாத வேலை, ஆனால் கையெழுத்துப் போடாத குறையாகப் பத்து மணிக்குப் போய்விடுகிறேன். இந்த மாதம் இருப்புச் சரிபார்ப்பு. பதிவேட்டில் இருக்கிற எண் அலமாரியில் இருக்கிறதா என்று ஒவ்வொரு புத்தகமாக எடுத்துத் துடைத்துப் பார்க்க வேண்டும். ராமபாணப் பூச்சி துளைத்தவற்றைத் தனியே ஒதுக்குகிறோம். ஒன்றில் முதல் அட்டையிலிருந்து கடைசி அட்டை வரை ஒரே நேர்க்கோடாகத் துளை. அவ்வளவு ஒழுங்காக அதை யாரும் படித்திருக்க மாட்டார்கள். குரூப் 4 பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் விடிந்ததும் வாசலில் வந்து நிற்கிறார்கள். அதில் ஒரு பெண் எங்களிடமே கேள்வி கேட்டாள், இந்தியாவின் முதல் நடமாடும் நூலகம் எங்கே தொடங்கப்பட்டது என்று. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதோ இருக்கிற மேலவாசலில், 1931 அக்டோபர் 21, கனகசபைப் பிள்ளை கொடுத்த மாட்டு வண்டி, தொடங்கி வைத்தது நூலகவியலின் தந்தை, நம் சீர்காழிக்காரர் ரங்கநாதன் என்று தேதியோடு சொன்னேன். "மன்னார்குடி மதில் அழகுன்னு சொல்லிக்கிட்டே இருக்கோம் சார், இதை யாரும் சொல்லலையே" என்றாள். சுவர்ப் பலகையில் புரவலர் பெயர்களில் என் பெயர் இருப்பதையும் காட்டினேன். உன் முதல் சம்பளத்தில் நீ கட்டிய ஆயிரம் ரூபாய் அது. வருகிறவர்கள் எல்லோரிடமும் காட்டுகிறேன், அதுவும் உனக்குத் தெரிந்திருக்கட்டும்.

அப்படிப்பட்ட பிள்ளை பாட்டி திதிக்கு வரவில்லை. ஐயர் பேரனைக் கேட்டார். லீவு இல்லை என்று நானாகச் சொன்னேன்.

பரணைக் காலி செய்தபோது பாட்டி பைண்டு செய்து வைத்த தொடர்கதைகள் கிடைத்தன. வாரப் பத்திரிகையில் வந்ததைக் கிழித்து, மைதா பசையும் காடாத் துணியும் வைத்துத் தைத்தது. ராத்திரி அம்மாவுக்கு நான் படித்துக் காட்டுகிறேன். கதையைவிடப் பின்பக்கத்து விளம்பரங்கள்தான் அவளுக்குப் பிடிக்கிறது. ஒன்றில் கடைசி இரண்டு அத்தியாயத்தைக் காணோம். கதாநாயகன் ஊரைவிட்டுப் போய்விட்டான், கடிதமும் இல்லை. திரும்பி வந்திருப்பான் என்று நான் சொல்கிறேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை.

பூனை பின்கட்டில் மூன்று குட்டி போட்டிருக்கிறது. ஓடு இறக்க இறக்க அது இடம் மாற்றிக்கொண்டே இருக்கிறது. ஏழு வீடு மாற்றும் என்பார்கள், நம் வீட்டுக்குள்ளேயே ஏழு வீடு கண்டுபிடித்துவிட்டது. அரிசி மூட்டைச் சந்து, சாமி அலமாரி, உன் பழைய மேஜை டிராயர். அம்மாவின் முட்டிக்காக வெஸ்டர்ன் டாய்லெட் வைத்தாயிற்று. அவளுக்கு அதில் உட்காரக் கூச்சம்.

பரணில் இன்னொன்றும் கிடைத்தது. அந்த எவர்சில்வர் டிபன் டப்பா, மூடியில் அம்மா பெயர் வெட்டியது. ஓட்டைப் பாத்திரங்களையெல்லாம் எடைக்குப் போட்ட அம்மா அதை மட்டும் புளி போட்டுத் தேய்த்து அலமாரியில் வைத்தாள். அதைப் பார்த்த நாளிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. இந்தக் கடிதமே அதனால்தான். கூரையையும் பூனையையும் பற்றி எழுதி நேரத்தை ஓட்டிக்கொண்டிருந்தேன்.

1998. உனக்கு எட்டு வயது. மில்லில் கணக்கு பதினோராயிரம் உதைத்தது. நான் எடுக்கவில்லை. ஆனால் எழுதியது என் கை. நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார் முதலாளி. ஆனி மாசக் கடைசி. அதை வீட்டில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. காலையில் குளித்து, விபூதி இட்டு, டப்பாவை வாங்கிக்கொண்டு ஒன்பது மணிக்கு சைக்கிளில் கிளம்பி ஹரித்ராநதிக்குப் போவேன். வடகரைப் படிக்கட்டில் உட்கார்ந்திருப்பேன். ஒரு மணிக்குச் சாப்பாடு. ஆறு மணிக்கு வீடு. முதல் தேதிக்குக் கடன் வாங்கிச் சம்பளம் என்று கொடுத்தேன். நாலு மாதம். ஐப்பசி மழை பிடித்த பிறகு படியில் உட்கார முடியாமல் நூலகத்துக்குப் போனேன். நான் படிக்கிறவன் ஆனது அப்படித்தான். ஆர்வம் என்று ஊரில் சொல்லிக்கொள்கிறேன். நூலகர் ஒருநாளும் உங்களுக்கு வேலை இல்லையா என்று கேட்டதில்லை. இப்போது நான் அங்கே தூசி தட்டுவது அந்தக் கடனுக்கு.

உனக்கு நினைவிருக்கும். யாரோ பெரியவர் இறந்து பள்ளிக்கூடம் பதினொரு மணிக்கே விட்டுவிட்டார்கள். இருபத்து மூன்று ஏக்கர் குளம், அத்தனை நீளக் கரையில் நீ என்னை எப்படிக் கண்டாயோ, பையைக் குலுக்கிக்கொண்டு ஓடி வந்தாய். "ஆபீஸ் வேலையா வந்தேன். அம்மாகிட்ட சொல்லாதே" என்றேன். ஒரு கமர்கட் வாங்கிக் கொடுத்தேன். சாயங்காலம் நான் வீட்டுக்கு வந்தபோது நீ அடுப்படி வாசலில் நின்றுகொண்டு, யாரும் ஒன்றும் கேட்காமலே, "அம்மா, நான் இன்னைக்கு அப்பாவைப் பார்க்கவே இல்லை" என்றாய். அம்மா தோசைத் திருப்பியோடு என்னைப் பார்த்தாள். நான் சட்டையைக் கழற்றப் போய்விட்டேன்.

அன்று உன் வாயைக் கட்டியது நான். அப்புறம் கார்த்திகையில் தஞ்சாவூர் ஆடிட்டர் ஆபீசில் வேலை கிடைத்தது, எல்லாம் சரியாகிவிட்டது. ஆனால் நீ அதன் பிறகு என்னிடம் எதையும் நேராகச் சொன்னதில்லை. மார்க்கு குறைந்தாலும் சைக்கிளிலிருந்து விழுந்தாலும் மூன்றாம் ஆள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அழுத்தக்காரப் பிள்ளை என்று நானே சொந்தக்காரர்களிடம் குறை சொல்லியிருக்கிறேன்.

நீ எங்கே உட்கார்ந்திருக்கிறாய் என்று நான் கேட்கவில்லை தம்பி. எங்கே உட்கார்ந்தாலும் நிழலாகப் பார்த்து உட்கார். வேளைக்குச் சாப்பிடு. அந்த நாலு மாதமும் எனக்கு எல்லாம் கசந்தது, டப்பாச் சாதம் மட்டும் எந்த வெயிலிலும் புளிக்கவே இல்லை. அதனால்தான் பால் விட்டுப் பிசையச் சொன்னேன்.

இது நாள் வரை அம்மாவுக்கு இது தெரியாது. இவ்வளவு எழுதிய பிறகு மறைப்பது அசிங்கமாக இருக்கிறது. சொல்லிவிட்டு வந்து மிச்சத்தை எழுதுகிறேன்.

திங்கள் காலை.

சொன்னேன். ராத்திரி அவள் கூடத்தில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். முழுக்கக் கேட்டுவிட்டு, "தெரியும்" என்றாள். மில் வாசலில் பூ விற்கிற அம்மாள் அந்த வாரமே வந்து சொல்லிவிட்டாளாம். எனக்குக் கோபம்கூட வந்தது. ஏன் கேட்கவில்லை என்றேன். "நீங்களா சொல்லுவீங்கன்னு பார்த்தேன்" என்றாள். கொஞ்ச நேரம் பூண்டுத் தோலை ஊதித் தள்ளினாள். அப்புறம் சொன்னாள்: "மில்லுக்குப் போறப்ப தயிரை விட்டுத்தான் பிசைவேன். ஆடியிலேர்ந்து எதுக்குப் பாலை விட்டுப் பிசைஞ்சேன்னு நினைச்சீங்க?"

கொத்தனார் வந்துவிட்டார், மேலே தண்ணீர் கேட்கிறார். இதை நார்த்தங்காய் ஊறுகாய் பார்சலோடு கொரியரில் போடுகிறேன், உறை தனியாக உன் பெயருக்கு ஒட்டியிருக்கிறது. பாலை விட்டுப் பிசையச் சொல்லிப் பிரியாவிடம் சொல். ஏன் என்று கேட்டால் சொல்லிவிடு.

வெள்ளிக்கிழமை ராத்திரி மன்னை எக்ஸ்பிரஸில் ஏறினால் விடியற்காலை இங்கே இருக்கலாம். டிக்கெட் கிடைக்காவிட்டால் பஸ்ஸில் வா, மூன்று பேரும். நேற்று ராத்திரி பூனை குட்டிகளை உன் அறைக்கு மாற்றியிருக்கிறது, கதவுக்குப் பின்னால்தான் படுத்திருக்கின்றன. வந்தால் பார்த்துத் திற.

அப்பா