பலகையில் பழைய பெயர், பத்திரத்தில் புதிய முதலாளி

கால்நடை மருத்துவத் தொழிலை ஒழுங்குபடுத்தும் மன்றங்களின் உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு,

வணக்கம். நான் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நாய்களுக்கும் பூனைகளுக்கும் மருத்துவம் பார்த்து வருகிறேன். அதில் பெரும்பகுதியை மூத்த மருத்துவர் ஒருவர் சொந்தமாக நடத்திய சிறிய மருத்துவமனையில் கழித்தேன். மிச்சத்தை அதே கட்டடத்தில், அதே பெயர்ப்பலகையின் கீழ், பல மருத்துவமனைகளை விலைக்கு வாங்கி நடத்தும் ஒரு பெருங்குழுமத்தின் ஊழியனாகக் கழித்தேன். இடையில் நான் வேலை மாறவில்லை. மருத்துவமனைதான் கை மாறியது.

என் பதிவெண் உங்களிடம் இருக்கிறது. நான் அளவு தவறி மருந்து கொடுத்தால், கவனக்குறைவாக அறுவை செய்தால், உரியவரிடம் உண்மையை மறைத்தால், என்னை அழைத்து விசாரிக்கவும் என் பதிவை நீக்கவும் உங்களுக்கு அதிகாரம் உண்டு. அது இருக்க வேண்டிய அதிகாரம்தான். ஆனால் ஒரு விலங்குக்கு நான் எத்தனை நிமிடம் ஒதுக்கலாம், அலமாரியில் எந்த நிறுவனத்தின் மருந்து இருக்க வேண்டும், ரத்த மாதிரி எந்த ஆய்வகத்துக்குப் போக வேண்டும், உள்நோயாளியாகச் சேர்த்த நாயின் அருகே இரவில் யார் இருப்பார் என்பதையெல்லாம் முடிவு செய்பவருக்கு உங்கள் ஏட்டில் இடமே இல்லை. அவர் கால்நடை மருத்துவர் அல்லர். பல நேரங்களில் அவர் தனி மனிதர்கூட அல்லர், ஒரு முதலீட்டு நிதி. இந்த ஒரு குறையைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

ஒரு மருத்துவமனை எப்படி விற்கப்படுகிறது என்பது தொழிலுக்கு வெளியே இருப்பவர்களுக்கு அதிகம் தெரியாது. மூத்த மருத்துவர் ஓய்வு பெறும் வயதை நெருங்குகிறார். அவரிடம் பல ஆண்டுகள் வேலை பார்த்த இளைய மருத்துவருக்கு அதை எடுத்து நடத்த ஆசை. ஆனால் படிப்புக்கு வாங்கிய கடனே இன்னும் அடையவில்லை, வங்கி கேட்கும் ஈடும் கையில் இல்லை. அந்த நேரம் பார்த்துக் குழுமத்தின் பிரதிநிதி வருகிறார். மருத்துவமனையின் ஆண்டு லாபத்தைக் கணக்கிட்டு, அதன் பல மடங்கைத் தருவதாகச் சொல்கிறார். இளையவரால் கனவிலும் தர முடியாத தொகை அது. குழுமத்தால் மட்டும் எப்படித் தர முடிகிறது என்றால், தனித்து நிற்கும் ஒரு சிறு மருத்துவமனைக்கு லாபத்தின் சில மடங்குதான் விலை. அப்படிப்பட்ட நூறு மருத்துவமனைகளை ஒரே மூட்டையாகக் கட்டி அடுத்த முதலீட்டாளரிடம் விற்கும்போது, அதே லாபத்துக்கு இன்னும் பெரிய மடங்கு கிடைக்கும். அந்த இரண்டு விலைகளுக்கும் நடுவில் உள்ள இடைவெளிதான் வியாபாரம். நாயும் பூனையும் அந்தக் கணக்கில் பிறகுதான் வருகின்றன.

பேசிய தொகையில் ஒரு பகுதி நிறுத்தி வைக்கப்படுவது வழக்கம். மூத்தவர் இன்னும் சில ஆண்டுகள் அதே நாற்காலியில் இருந்து, குறிப்பிட்ட வருமானத்தைக் காட்டினால்தான் மீதி கைக்கு வரும். அருகில் வேறு கிளினிக் திறக்க மாட்டேன் என்றும் எழுதிக் கொடுக்க வேண்டும். (மருத்துவர்களுக்குப் பேரம் பேசத் தெரியாது என்று ஒரு பேச்சு உண்டு, சில விற்பனைப் பத்திரங்களைப் பார்த்த பிறகு நான் அதை நம்புவதில்லை.) விற்றவர்களை நான் குறை சொல்லவில்லை. வாழ்நாள் உழைப்புக்குக் கிடைக்கும் ஒரே ஓய்வூதியம் பலருக்கு அதுதான். என் வருத்தம், பலகையில் எழுத்துகூட மாறாமல் இந்தக் கைமாற்றம் நடந்து முடிவதைப் பற்றியது. வாசலில் அதே பெயர், வரவேற்பில் அதே முகம், மேசைக்குப் பின்னால் அதே மருத்துவர். நாயைத் தூக்கிக்கொண்டு வருபவர் பதினைந்து ஆண்டு நம்பிக்கையோடு வருகிறார். குழுமம் விலை கொடுத்து வாங்கிய சொத்துகளில் மிகப் பெரியது அந்த நம்பிக்கை.

இது என் மனக்கசப்பு மட்டுமன்று என்பதற்குப் பிரிட்டனின் அனுபவம் சான்று. அங்கே 1999-ஆம் ஆண்டு வரை கால்நடை மருத்துவர்கள் மட்டுமே மருத்துவமனை உரிமையாளர்களாக இருக்க முடிந்தது. அந்தக் கட்டுப்பாடு தளர்ந்த பிறகு கதவு மெல்லத் திறந்தது, கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் அகலத் திறந்தது. 2013-இல் ஏறத்தாழ 10 விழுக்காடு மருத்துவமனைகளே பெருங்குழுமங்களிடம் இருந்தன. பத்தாண்டுகளுக்குள் அது கிட்டத்தட்ட 60 விழுக்காடாகியது. அந்நாட்டின் போட்டி மற்றும் சந்தைகள் ஆணையம் 2023 செப்டம்பரில் மக்களிடம் கருத்துக் கேட்டபோது 56,000 பேர் எழுதினார்கள். அவர்களில் 11,000 பேர் இந்தத் தொழிலிலேயே இருப்பவர்கள். அங்குள்ள ஆறு பெருங்குழுமங்களில் நான்கு, வாங்கிய மருத்துவமனைகளின் பெயரை மாற்றுவதில்லை என்று ஆணையம் சொன்னது. 2024-இல் முழு விசாரணை தொடங்கி, 2025 அக்டோபரில் இடைக்கால முடிவுகள் வெளிவந்தன. 2016-க்கும் 2023-க்கும் இடையில் கட்டணங்கள் 63 விழுக்காடு உயர்ந்திருந்தன. தாம் போகும் மருத்துவமனை தனி மருத்துவருடையதா குழுமத்துடையதா என்று அறிந்திருந்தவர்கள் பாதிக்கும் குறைவானோர்.

அதே ஆணையம் இன்னொன்றையும் சுட்டிக்காட்டியது, அது உங்களை நேராகத் தொடுவது. பிரிட்டனில் இத்தொழிலை ஆளும் சட்டம் 1966-ஆம் ஆண்டினது. மருத்துவர் அல்லாதவர் மருத்துவமனை வைத்திருக்கக்கூடும் என்று எவரும் எண்ணாத காலத்தில் எழுதப்பட்டதால், அது தனி மருத்துவர்களையும் செவிலியர்களையும் கட்டுப்படுத்துகிறதே தவிர, மருத்துவமனை என்ற வணிகத்தைக் கட்டுப்படுத்துவதில்லை. பல நாடுகளின் சட்டங்களும் இதே வார்ப்பில் வந்தவைதாம். வேலியைச் சுற்றிப் போட்டுவிட்டு வாசலைத் திறந்து வைத்த கதை.

உரிமை யாரிடம் இருக்கிறது என்பது வெறும் ஏட்டுச் செய்தி அன்று. இனிப்புகளுக்குப் பெயர் பெற்ற மார்ஸ் நிறுவனம் பெடிகிரி, விஸ்காஸ், ராயல் கேனின் ஆகிய தீவனங்களையும் தயாரிக்கிறது. 2017-இல் அமெரிக்காவின் விசிஏ மருத்துவமனைக் குழுமத்தை ஏறத்தாழ 910 கோடி டாலருக்கு வாங்கியபோது, அதனுடன் ஆன்டெக் என்னும் ஆய்வகமும் சேர்ந்து வந்தது. காப்பி வணிகத்தில் பெரும் பணம் போட்ட ஜேஏபி என்னும் முதலீட்டு நிறுவனம், மருத்துவமனைக் குழுமத்தோடு செல்லப்பிராணிக் காப்பீட்டு நிறுவனங்களையும் வைத்திருக்கிறது. தட்டில் விழும் தீவனம், அதைப் பரிந்துரைக்கும் மருத்துவமனை, ரத்தத்தைச் சோதிக்கும் ஆய்வகம், பில்லைக் கட்டும் காப்பீடு என்று ஒவ்வொரு படியிலும் ஒரே உரிமையாளர் நிற்கக்கூடிய காலம் இது. இதில் எதுவும் சட்டவிரோதம் அன்று. ஆனால் நான் ஒரு சிறப்புத் தீவனத்தை எழுதித் தரும்போது, அதை எழுதச் சொன்னது என் படிப்பா, என் முதலாளியின் வணிகமா என்று கேட்கும் உரிமை எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு உண்டு. உரிமையாளர் பெயரே தெரியாதவர் அந்தக் கேள்வியை எப்படிக் கேட்பார்? மாற்றுக் கருத்துக்காக வேறு மருத்துவமனைக்குப் போகிறவர் அதே குழுமத்தின் இன்னொரு வாசலில் போய் நிற்பதும் நடக்கிறது. இரண்டு பலகைகளிலும் இரண்டு பெயர்கள். அவர் இரண்டு கருத்துகளைக் கேட்டதாக நினைத்துக்கொண்டு வீடு திரும்புகிறார்.

உள்ளே என்ன மாறியது என்று என்னைக் கேட்பவர்கள், யாரோ ஒரு மேலாளர் வந்து தேவையற்ற ஸ்கேன் எடுக்கச் சொல்லி மிரட்டியிருப்பார் என்று எதிர்பார்க்கிறார்கள். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. மாதத்துக்கு ஒரு தாள் வந்தது, அவ்வளவுதான். ஒவ்வொரு மருத்துவருக்கும் ஒரு வருகைக்குச் சராசரி பில் எவ்வளவு, பல் சுத்தம் எத்தனை, ரத்தப் பரிசோதனை எத்தனை என்று அதில் வரிசையாக இருக்கும். யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். பட்டியலின் அடியில் தன் பெயரைக் காண எவருக்கும் பிடிக்காது என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும். ஒரு நாள் வாந்தி எடுத்து மறுநாள் துள்ளி விளையாடும் நாய்க்கு, முன்பு நான் வயிற்றைத் தொட்டுப் பார்த்து, எளிய உணவு சொல்லி, நாளைக்கும் வாந்தி இருந்தால் கூட்டி வாருங்கள் என்று அனுப்பியிருப்பேன். அந்தத் தாள் வரத் தொடங்கிய பிறகு, எதற்கும் ஒரு எக்ஸ்ரே பார்த்துவிடலாமே என்று என் வாயே சொன்னதை நான் கேட்டிருக்கிறேன். அந்த எக்ஸ்ரே தவறு என்று எந்த விசாரணைக் குழுவாலும் சொல்ல முடியாது. அதனால்தான் இது தண்டிக்கப்படுவதில்லை.

கூடுதல் சிகிச்சைதான் நல்ல சிகிச்சை என்று இதற்குப் பதில் வரும். குடலைத் தாக்கி உயிரையே பறிக்கக்கூடிய பார்வோ வைரஸ் தொற்றிய நாய்க்குட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். உள்நோயாளியாகச் சேர்த்து ரத்தக்குழாய் வழியாகத் திரவம் ஏற்றுவதே சிறந்த வழி என்பதில் ஐயமில்லை. அந்தச் செலவைத் தாங்க முடியாதவர்களுக்காகக் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஒரு புறநோயாளி முறையை வகுத்தார்கள்: தோலுக்கடியில் திரவம், நீண்ட நேரம் வேலை செய்யும் நோய்க்கிருமி எதிர்ப்பு ஊசி, வாந்தியை நிறுத்த ஊசி. 40 நாய்களில் ஒப்பிட்டபோது உள்நோயாளிகளில் 90 விழுக்காடும் புறநோயாளிகளில் 80 விழுக்காடும் பிழைத்தன. முதல் வழி மட்டுமே மருத்துவமனைக் கணினியின் திரையில் தெரியும் இடத்தில், அதற்கு வசதியில்லாதவரின் குட்டிக்கு மூன்றாவதாக ஒன்றுதான் மிச்சம் இருக்கும். அது கருணைக்கொலை ஊசி. இரண்டாவது வழி இருக்கிறது என்று வாய் திறந்து சொல்லும் சுதந்திரம் மருத்துவருக்கு வேண்டும்.

தனி மருத்துவமனைகளைப் பொற்காலமாக்கி நான் பேசவில்லை. என் மூத்தவர் கட்டணப் பட்டியல் என்று ஒன்றை ஒருநாளும் மாட்டியதில்லை. ஆளைப் பார்த்து பில் போட்டார், அது பெரும்பாலும் தாராளமாகவும் சில நாள் அநியாயமாகவும் இருந்தது. இரவு அவசரம் என்றால் அவர் தொலைபேசி எடுத்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. மயக்க மருந்துக் கருவி என் வயதை எட்டியிருந்தது. குழுமம் வந்த பிறகுதான் நான் முதன்முதலாக மகப்பேற்று விடுப்பு எடுத்த சக மருத்துவரைப் பார்த்தேன்; வாரத்தில் இரண்டு நாள் முழு ஓய்வு எனக்கும் அப்போதுதான் கிடைத்தது. சிடி ஸ்கேனும் சிறப்பு மருத்துவர்களும் இருபத்து நான்கு மணி நேரப் பிரிவும் பெரும்பாலும் பெரிய முதலீட்டால்தான் சாத்தியமாகின்றன. ஆகவே குழுமங்களைத் தடை செய்யுங்கள் என்று நான் கேட்கவில்லை. தடை போட்ட இடங்களில் என்ன நடக்கிறது என்பதையும் பார்க்கிறோம். அமெரிக்காவின் சில மாநிலங்களில் மருத்துவர் அல்லாதார் உரிமையாளராகக் கூடாது. அங்கே காகிதத்தில் ஒரு மருத்துவர் உரிமையாளராக இருக்க, நிர்வாகச் சேவை என்ற பெயரில் இன்னொரு நிறுவனம் முழு மருத்துவமனையையும் நடத்துகிறது. பிரான்சில் பங்குகளிலும் வாக்குரிமையிலும் பாதிக்கு மேல் அங்கே தொழில் செய்யும் மருத்துவர்களிடம் இருக்க வேண்டும் என்பது சட்டம். அந்தப் பெரும்பான்மை ஏட்டளவில் நின்றால் போதாது, மருத்துவமனையை உண்மையாகவே அவர்கள் ஆள வேண்டும் என்று அந்நாட்டின் உச்ச நிர்வாக நீதிமன்றம் 2023 ஜூலையில் கூறியது. எனக்குப் பிடித்த சொல் அந்த "உண்மையாகவே" என்பதுதான்.

நான் கேட்பது இதைவிட எளியது. மருத்துவரைப் பதிவு செய்வதுபோல் மருத்துவமனையையும் அதன் இறுதி உரிமையாளரையும் உங்கள் ஏட்டில் பதிவு செய்யுங்கள். பலகையிலும் பில்லிலும் மருந்துச்சீட்டிலும் அந்தப் பெயர், பழைய பெயரின் அளவுக்கே தெரியும் எழுத்தில் இருக்கட்டும். ஆய்வகமோ தீவனமோ காப்பீடோ அதே கையில் இருந்தால் அதுவும் இருக்கட்டும். வழக்கமான சிகிச்சைகளின் கட்டணத்தை வெளியே ஒட்டும் கடமை குழுமத்துக்கும் தனி மருத்துவருக்கும் ஒன்றுபோல் பொருந்தட்டும். என் மூத்தவரும் அதற்கு விலக்கல்ல. மருந்துச்சீட்டை வாங்கிக்கொண்டு வேறு கடைக்குப் போகலாம் என்பதைக் கேட்காமலே சொல்ல வேண்டும் என்று விதியுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஒவ்வொரு மருத்துவமனையிலும் பதிவு பெற்ற மருத்துவர் ஒருவரை மருத்துவப் பொறுப்பாளராக அறிவிக்கச் செய்து, பில் சராசரியை வைத்து எந்த மருத்துவரின் சம்பளத்தையோ பதவியையோ தீர்மானிக்கக் கூடாது என்று உரிமையாளரிடமிருந்து எழுத்தில் வாங்குங்கள். அதை மீறினால் விசாரணைக்கு உங்கள் முன் வந்து நிற்க வேண்டியவர் உரிமையாளராக இருக்கட்டும். இன்றைய நிலையில் அந்த அழைப்பாணையும் என் முகவரிக்குத்தான் வரும்.

இப்படிக்கு,
உங்கள் ஏட்டில் பதிவெண் உள்ள ஒரு கால்நடை மருத்துவர்