சுகாதார நிலைய வாசலில் மீண்டும் கரும்பலகை வைக்கக் கோரி மனு

அனுப்புநர்
நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்துபோகும் குடும்பங்கள்,
வடசென்னை.

பெறுநர்
உயர்திரு மாநகர நல அலுவலர் அவர்கள்,
பொது சுகாதாரத் துறை,
பெருநகர சென்னை மாநகராட்சி,
ரிப்பன் மாளிகை, சென்னை – 600 003.

பொருள்: நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம் – மருத்துவர், செவிலியர், ஆய்வகப் பணியாளர் ஆகியோரின் வருகை, விடுப்பு, பணிமாறுதல் விவரங்களையும் அன்றாட சுகாதாரச் செய்திகளையும் வாசலில் எழுதி வைக்க வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். எங்களில் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்கள் இருக்கிறார்கள். காசிமேட்டில் விடியற்காலை ஏலத்தில் மீன் எடுத்துக் கூடையில் விற்கிறவர்கள், ஆட்டோ ஓட்டுகிறவர்கள், வீட்டு வேலைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். இந்த மனுவை எழுதும் நான் வீட்டிலேயே மெஷின் போட்டு ஜாக்கெட் தைப்பவள். எங்கள் எல்லோருக்கும் முதல் ஆஸ்பத்திரி, ரயில்வே கேட்டைத் தாண்டினால் வரும் சிறிய சுகாதார நிலையம்தான். காய்ச்சல், பிள்ளைக்குத் தடுப்பூசி, நாய்க்கடி, பிரஷர், சுகர் எதுவாக இருந்தாலும் அங்கேதான் முதலில் போய் நிற்போம். பிரசவம் சிக்கல் என்றால் ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். பிரசவ ஆஸ்பத்திரிக்குப் போவோம். பெரிய வியாதி என்றால் ஸ்டான்லி. எங்கள் வீட்டுக் கிழவிகள் அதை இன்னமும் கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி என்றுதான் சொல்வார்கள். உயிருக்குப் போராடுகிறவர்கள் வரும் அந்த இடத்தில் மாத்திரைச் சீட்டுக்காக நாங்களும் போய் வரிசையை நீட்டுவது நியாயமில்லை என்று எங்களுக்குத் தெரியும். அதனால் கேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் சின்ன ஆஸ்பத்திரி நன்றாக நடக்க வேண்டும் என்பதில் எங்களுக்கு அக்கறை அதிகம்.

நிலையத்தின் பெயரையும் வட்ட எண்ணையும் இந்தத் தாளில் எழுதவில்லை. தனி உறையில் இணைத்திருக்கிறோம். இந்த மனு கையெழுத்துக்காகத் தெருத்தெருவாகப் போகிறது. இதைப் படித்துவிட்டு யாராவது அங்கே வேலை பார்க்கும் பெண்களிடம் போய்ச் சத்தம் போட்டால் அது பெரிய பாவம். எங்கள் குறை அவர்கள் மேல் இல்லை.

அந்த நிலையத்தில் பல வருடம் இருந்த நர்ஸம்மா ஒரு பழக்கம் வைத்திருந்தார். காலையில் வந்து கைப்பையை வைத்ததும் ஈரத்துணியால் வாசல் கரும்பலகையைத் துடைப்பார். பிறகு சாக்பீஸால் குண்டு குண்டாக எழுதுவார். "இன்று டாக்டர் உண்டு. லேப் உண்டு. நாளை லேப் இல்லை. சுகர் மாத்திரை வந்துவிட்டது. புதன்கிழமை தடுப்பூசி, அட்டையை மறக்காமல் கொண்டு வரவும்." அதற்குக் கீழே கோடு போட்டு அன்றைக்கு வேண்டிய ஒரு சேதி இருக்கும். மழைக்காலமானால் டெங்கு கொசு பகலில் கடிக்கும், குடத்தையும் டிரம்மையும் மூடி வை என்று எழுதுவார். எங்கள் தெருவில் ஒரு பிள்ளையை நாய் கடித்த மறுநாள், "கடித்த இடத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவு, பிறகு உடனே இங்கே வா" என்று எழுதியிருந்தார். அதற்குப் பக்கத்திலேயே ஊசி நாள் 0, 3, 7, 28 என்று நான்கு எண்களையும் பெரிதாகப் போட்டிருந்தார். அந்த எண்கள் இன்றைக்கும் எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு மனப்பாடம்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் எங்கள் தெருக்களில் தண்ணீர் ஏறியபோது செல்போனில் சார்ஜ் இல்லை, கரண்ட் இல்லை. ஆஸ்பத்திரி திறந்திருக்கிறதா, இல்லையா என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். பலகை நனைந்து ஊறிப் போயிருந்தது. நர்ஸம்மா ஒரு தாளில் எழுதி, பிளாஸ்டிக் கவருக்குள் போட்டு, வாசல் தூணில் கட்டியிருந்தார். "திறந்திருக்கிறோம். தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடி. வெள்ளத்தில் நடந்தவர்கள் உள்ளே வந்து காட்டுங்கள், எலிக்காய்ச்சலுக்கு டாக்டர் மாத்திரை தருவார்." முழங்கால் தண்ணீரில் போய் அதைப் படித்துவிட்டு வந்த ஒருவர் சொன்னதை வைத்துத்தான் எங்கள் சந்து முழுக்கத் தைரியம் வந்தது.

நர்ஸம்மா ஓய்வு பெற்றுவிட்டார். அதற்குப் பிறகு பலகையில் யாரும் எழுதவில்லை. சில மாதத்தில் பலகையே வாசலில் இல்லை.

இதனால் என்ன ஆகிறது என்பதை என் வீட்டில் நடந்ததை வைத்தே சொல்கிறேன். என் அம்மாவுக்கு வயது எழுபதுக்கு மேல். சுகர், பிரஷர் இரண்டும் உண்டு. வீட்டுக்கே மாத்திரை கொண்டுவந்து தரும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டில் வந்த பிறகு மாத்திரைக்காக அவர் அலைவது குறைந்திருக்கிறது. அதற்கு இந்தத் தெரு முழுவதும் நன்றி சொல்லும். ஆனால் கிட்னி, கொழுப்பு எல்லாம் சேர்த்துப் பார்க்கும் ரத்தப் பரிசோதனைக்கு நிலையத்துக்குத்தான் போக வேண்டும். அன்று வெறும் வயிற்றோடு ஆறரை மணிக்கே புறப்பட்டார். நான் துணி கொடுக்க வேண்டிய அவசரத்தில் கூடப் போகவில்லை. நேரம் தவறக்கூடாது என்று பயந்து, சாப்பாட்டுக்கு முன் போடும் கிளிமிபிரைடு என்ற சுகர் மாத்திரையைப் போட்டுக்கொண்டு போயிருக்கிறார். பரிசோதனை நாளில் ரத்தம் எடுக்கும் வரை காலை சுகர் மாத்திரையைப் போடக்கூடாது என்று நர்ஸம்மா பலகையில் எழுதுவார். அது இருந்த காலத்தில் அம்மா ஒரு முறையும் இந்தத் தவறைச் செய்ததில்லை.

அங்கே ஒன்பது மணி வரை உட்கார்ந்திருந்தார். லேப் பூட்டியிருந்தது. புதிதாக வந்த சிஸ்டருக்கும் விவரம் தெரியவில்லை. கடைசியில் கூட்டுகிற அம்மாதான் வந்து, "லேப்காரரு லீவு ஆயா, நாளைக்கி வா" என்றாராம். திரும்பி வரும்போது கேட் போட்டிருந்தார்கள். கூட்ஸ் வண்டி. எத்தனை பெட்டி என்று எண்ண ஆரம்பித்தது வரைதான் அம்மாவுக்கு நினைவிருக்கிறது. கேட் ஓரத்து டீக்கடைக்காரர் பார்த்து ஓடி வந்திருக்கிறார். உடம்பெல்லாம் வியர்த்து, கை ஜில்லென்று இருந்ததாம். சுகர்காரம்மா என்று அவருக்குத் தெரியும், சுகர் இறங்கிவிட்டது என்று புரிந்துகொண்டிருக்கிறார். டம்ளரில் மூன்று ஸ்பூன் சர்க்கரையைக் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்திருக்கிறார். நான் ஓடிப் போனபோது அம்மா பெஞ்சில் உட்கார்ந்து, சேலைத் தலைப்பில் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். "ஒண்ணுமில்ல கண்ணு, லேப் இல்லியாம்" என்றார். அந்தக் கேட்டில் அவர் சாய்ந்த பக்கம் தண்டவாளமாக இருந்திருந்தால் என்ற நினைப்பு எனக்கு இன்னும் போகவில்லை.

லேப் பணியாளர் விடுப்பு எடுத்தது தவறில்லை. அவரும் மனிதர்தான். ஒருவரே இரண்டு நிலையங்களைப் பார்க்கிறார் என்று பிறகு தெரிந்துகொண்டோம். அவர் வரமாட்டார் என்பது முந்தின நாளே நிலையத்தில் ஒருவருக்காவது தெரிந்திருக்கும். எங்களுக்குத் தெரிய வழியில்லாமல் போனதுதான் எங்கள் மனக்குறை.

இன்னொரு விஷயமும் உண்டு. அதை மெதுவாகத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. எங்கள் பக்கத்தில் ஒரு பையன் காசநோய்க்கு மருந்து எடுத்துக்கொண்டிருந்தான். ஆறு மாதம் விடாமல் எடுக்க வேண்டிய மருந்து. வீட்டுக்கு வந்து பார்த்த ஊழியர் அவனுக்கு அண்ணன் மாதிரி ஆகியிருந்தார். நான்காம் மாதத்தில் அவருக்குப் பணிமாறுதல். புதியவர் யார், எந்தக் கிழமை இருப்பார் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. முகம் தெரியாத ஒருவரிடம் போய் எல்லோர் முன்னாலும் எனக்கு டி.பி. என்று சொல்லக் கூச்சப்பட்டு மூன்று வாரம் மருந்தை விட்டுவிட்டான். அவன் தாய் கண்டுபிடித்துக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனதால் தப்பித்தான். காசநோய்க்காரர்களை சானடோரியத்தில் அடைத்து வைக்க வேண்டியதில்லை, வீட்டிலிருந்தே குணப்படுத்தலாம் என்று 1956-இல் தொடங்கி உலகத்துக்குக் காட்டிக்கொடுத்தது நம் சென்னையில் நடந்த ஆராய்ச்சிதான். நம் ஊர் ஏழைகள் வீட்டுக்கு மருந்தும் போனது, கேட்டுப் பார்க்க ஆளும் போனார்கள். அந்த ஊரிலேயே, வீட்டுக்கு வந்துகொண்டிருந்தவர் மாறினால் அதை நோயாளியிடம் சொல்ல ஒரு வழி இருக்க வேண்டும். நோயாளியின் பெயரோ நோயோ பலகையில் வரவே கூடாது. பழைய ஊழியர் போவதற்கு முன் புதியவரைக் கூட்டிக்கொண்டு ஒரு முறை வீட்டுக்கு வந்தால் போதும்.

நர்ஸம்மா ஓய்வு பெற்றதும் எங்களுக்குத் தெரியாமலேதான் நடந்தது. மாதக் கடைசி நாளில் ஓய்வு. மறு வாரம் புதன்கிழமை, மீன் விற்கும் அக்கா ஒருவர் தன் பேரனுக்கு ஒன்பதாம் மாதத் தட்டம்மை ரூபெல்லா ஊசி போடப் போனார். அந்தக் குழந்தை குறைமாதத்தில் பிறந்தது. தினமும் வந்து எடை பார்த்து, தாய்க்குப் பால் கொடுக்கச் சொல்லிக் கொடுத்து, அதைத் தேற்றியவர் நர்ஸம்மா. அவருக்குப் பிடிக்கும் என்று நல்ல சங்கரா மீனாகப் பார்த்து, கழுவி, மஞ்சள் தடவி, தூக்குவாளியில் எடுத்துப் போயிருந்தார் அந்த அக்கா. "அவங்க போன வாரமே ரிடையர் ஆயிட்டாங்களே" என்றார்களாம். தூக்குவாளியை அப்படியே திருப்பி எடுத்து வந்து எங்கள் திண்ணையில் உட்கார்ந்து அழுதார். ஊழியர்களைப் பற்றிய சேதி எங்களுக்கு எதற்கு என்று தாங்கள் கேட்டால், இதற்கும்தான் என்று பணிவோடு சொல்கிறோம். எங்கள் பிள்ளைகளைத் தூக்கியவரிடம் போய்வாருங்கள் என்று சொல்ல எங்களுக்கு ஆசை இருந்தது.

இப்போதிருக்கும் சிஸ்டர் தென் மாவட்டத்திலிருந்து வந்திருக்கிறார். நல்ல பெண். வந்து மூன்று வாரம் வரை பெயர்கூட எங்களுக்குத் தெரியாது. லேப் இல்லை, மாத்திரை இல்லை என்ற கோபமெல்லாம் அவர் மேல்தான் விழுந்தது. வாசலில் இரண்டு வரி எழுதியிருந்தால் அந்தப் பேச்சில் பாதியை அவர் கேட்டிருக்க வேண்டாம்.

தகவல் பெறும் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 4, பொது அமைப்புகள் தங்கள் அலுவலர்கள், ஊழியர்களின் பட்டியலை யாரும் கேட்காமலே வெளியிட வேண்டும் என்கிறது. மக்கள் மனுப் போடும் தேவை குறைய வேண்டும், உள்ளூர் மொழியில், செலவு குறைந்த வழியில் தகவல் போய்ச்சேர வேண்டும் என்றும் சொல்கிறது. அந்த வழிகளில் முதலாவதாக அச்சட்டம் சொல்வது அறிவிப்புப் பலகையைத்தான். மனுவைத் தட்டச்சு செய்யப் போன கடையில் ஒரு கல்லூரிப் பிள்ளை இதைப் படித்துக் காட்டினான். நாங்கள் கேட்பது புதிதாக ஒன்றுமில்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

எனவே தாங்கள் தயவுகூர்ந்து, நிலையத்தின் வாசலில், கேட் பூட்டியிருந்தாலும் வெளியிலிருந்து படிக்கும்படி, ஒரு கரும்பலகை வைக்க உத்தரவிட வேண்டுகிறோம். இன்றைக்கு யார் இருக்கிறார், நாளைக்கு லேப் உண்டா, எந்த மாத்திரை தீர்ந்து எப்போது வரும் என்ற மூன்றும் அதில் தினமும் காலை எழுதப்பட வேண்டும். அன்றைய சுகாதாரச் சேதி ஒரு வரி போதும். எழுதுவது இன்னாருடைய பொறுப்பு என்று ஒருவரை நியமித்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஆள் மாறியதும் மறுபடி நின்றுபோகும். ஓ.பி. சீட்டுப் போடும்போது எங்கள் செல்போன் எண்களை வாங்கிக் குறித்து வைத்திருக்கிறார்கள். லேப் பணியாளர் விடுப்பு என்றால் மறுநாள் பரிசோதனைக்கு வரச்சொன்னவர்களுக்கு மட்டுமாவது அந்த எண்ணில் ஒரு வார்த்தை சொல்லச் செய்யுங்கள். இரண்டு நிலையங்களுக்கு ஒரே லேப் பணியாளர் என்ற நிலையை மாற்றி, எங்கள் நிலையத்துக்குத் தனியாக ஒருவரை நியமிக்கவும் ஆவன செய்ய வேண்டுகிறோம். அதற்கு நாளாகலாம் என்பது புரிகிறது. பலகைக்கு நாளாகாது.

பழைய பலகை நிலையத்தின் பின்கட்டில், உடைந்த நாற்காலிகளுக்குப் பின்னால் சாய்ந்து கிடக்கிறது. மழையில் ஊறி ஓரம் மட்டும் கொஞ்சம் பிரிந்திருக்கிறது. எங்கள் தெருவில் தச்சர் இருக்கிறார், பெயின்டர் இருக்கிறார். தங்கள் அனுமதி வந்த அன்றே அதைச் சரிசெய்து, கறுப்பு அடித்து, வாசலில் மாட்டித் தருகிறோம். ஒரு வருடத்துக்கான சாக்பீஸும் நாங்களே வாங்கி வைத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
சுகாதார நிலையத்துக்கு வந்துபோகும் குடும்பங்கள் சார்பாக
(கையொப்பம்)

இடம்: வடசென்னை

இணைப்பு: நிலையத்தின் பெயர், வட்ட எண் அடங்கிய உறை, கையெழுத்து மற்றும் கைநாட்டுத் தாள்கள்.