நான்கு கட்டைக்கு வந்து சேர உதவியவர்களுக்கு

அன்புடையீர்,

வருகிற சனி, ஞாயிறு மாலைகளில் எங்கள் இசைக் கல்லூரி மாணவர்களின் குழுக் கச்சேரிகள் நடக்கவிருக்கின்றன. நன்றியுரை என்றால் மங்களத்துக்குச் சற்று முன்பு ஒலிபெருக்கியில் சொல்வதுதான் வழக்கம். அந்த நேரத்தில் பாதிப் பேர் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருப்பார்கள். ஆகவே இம்முறை கச்சேரிக்கு முன்பே எழுதிவிடுகிறேன்.

தனியாகப் பாடும்போது அவரவருக்கு அவரவர் சுருதி. முப்பது பேரைச் சேர்த்து உட்காரவைத்தால்தான் வம்பு தொடங்குகிறது. சுருதியின் உயரத்தைக் கட்டைக் கணக்கில் சொல்வோம். பெண்களுக்கு 5½ கட்டை, ஆண்களுக்கு 1 கட்டை. இரண்டு வாரம் பேசி, 4 கட்டையில் வந்து நின்றோம். பெண்களுக்கு இறக்கம், ஆண்களுக்கு ஏற்றம். இரு தரப்பும் என்னைக் குறை சொன்னார்கள். அதனால் முடிவு சரிதான் என்று எடுத்துக்கொண்டேன்.

தொண்டை எப்படியோ இணங்கிவிட்டது. மரமும் மண்ணும் தோலும் அப்படி இணங்குமா? மாணவர்களிடம் இருந்த மிருதங்கங்கள் பெரும்பாலும் தக்குச் சுருதி, அதாவது தாழ்ந்த சுருதிக்கான பெரியவை. கல்லால் எவ்வளவு தட்டினாலும் அவை 4 கட்டைக்கு ஏறா. மிருதங்கம் மூட்டும் பெரியவர் தம் பட்டறையிலிருந்து சிறிய மிருதங்கங்கள் இரண்டை இரவலாகக் கொடுத்தார். மூன்றாவதாக, எங்கள் அறையில் பல வருடமாகத் தூசி படிந்து கிடந்த ஒன்றுக்கு வலப்பக்கத் தோலான வலந்தலையை மாற்றி, வார் இழுத்துத் தந்தார். கூலி கேட்டதற்கு, "பிள்ளைகள் வாசித்த பிறகு பார்க்கலாம்" என்றார். கடத்துக்குச் சூளையில் வெந்த சுருதிதான் சுருதி. மானாமதுரையில் மண்பாண்டம் செய்யும் ஒரு வேளார் வீட்டுத் திண்ணையில் எங்கள் மாணவன் பதினேழு பானைகளைத் தட்டிப் பார்த்துவிட்டுப் பதினெட்டாவதை எடுத்து வந்தான். அதுவரை முகம் சுளிக்காமல் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்த அந்தக் குடும்பத்துக்கு எங்கள் வணக்கம்.

வீணைகளின் கதை வேறு. கோடை வெயிலில் மெழுகு இளகி, மெட்டுகள் நகர்ந்து, நான்கு வீணையும் நான்கு விதமாகப் பேசின. தஞ்சாவூரிலிருந்து வந்த ஆசாரி இரண்டு பகல் இங்கேயே தங்கி, மெட்டுகளைச் சுருதிக்குச் சரியாக மெழுகில் பதித்து, நான்குக்கும் மேளம் கட்டிக்கொடுத்தார்.

இவ்வளவு பிடிவாதம் எதற்கு என்று கேட்கலாம். முதல் நாள் நிகழ்ச்சி முத்துசுவாமி தீட்சிதரின் நோட்டுஸ்வரங்கள். ஆங்கிலேயரின் பேண்டு வாத்திய மெட்டுகளுக்கு அவர் சமஸ்கிருதத்தில் எழுதிய சாகித்தியங்கள். அவற்றில் ‘சந்ததம் பாஹிமாம்’ பிரிட்டிஷ் அரச வாழ்த்தின் மெட்டிலேயே அமைந்தது. சங்கராபரணத்தில் நேர்நேராக நிற்கும் ஸ்வரங்கள். ஸ்வரத்தை அசைத்துக் குழைக்கும் கமகத்தில் ஒளித்துக்கொள்ள இடமே இல்லை. ஒருவர் இம்மி பிசகினாலும் அரங்கத்துக்கே தெரிந்துவிடும். குழந்தைப் பாட்டு என்று இதை ஒதுக்குகிறவர்கள் முப்பது பேரை வைத்து ஒருமுறை பாடவைத்துப் பார்க்கட்டும்.

மறுநாள் நாகஸ்வரம், தவில் குழு. நீளமான, தாழ்ந்த சுருதியுள்ள பாரி நாகஸ்வரம் நான் சொன்னபடி 4 கட்டைக்கு வராது. அதற்கு அதன் சுருதிதான், அதன் நாள்தான். கம்பீர நாட்டை ராகத்தில், சுவாமி புறப்பாட்டுக்கு வாசிக்கும் மல்லாரியோடு தொடங்குகிறோம். ஒத்திகையில் நாகஸ்வரத்தில் வாய் வைத்து ஊதும் சீவாளி பிளந்து மாணவி அழுதுகொண்டு நின்றபோது, மறுநாள் காலை முதல் பஸ்ஸில் ஆறு சீவாளிகளைக் கொடுத்தனுப்பிய திருவாவடுதுறைக்காரருக்கு நன்றி. மேடைக்கு ஜமக்காளம் தந்தவர்கள், இரவு ஒத்திகைக்கு இட்லி அனுப்பிய பெற்றோர், சாவியோடு காத்திருந்த காவலர் எல்லோருக்கும் நன்றி.

கடைசியாக எங்கள் தெரு. காலை ஏழு மணிக்கு ஆறு தவில்கள் முழங்குவதை இரண்டு மாதம் பொறுத்துக்கொண்ட தெரு அது. ஒருநாள் எதிர் வீட்டு அம்மா வாசலில் வந்து நின்றார். புகாராகத்தான் இருக்கும் என்று மன்னிப்பை நாக்கு நுனியில் வைத்துக்கொண்டு போனேன். "நோட்டு பாடும் பிள்ளைகள் இரண்டாவது வரியில் ஓடுகிறார்களே, கவனிக்கவில்லையா?" என்றார். கவனித்திருக்கவில்லை. அன்று முதல் அந்த வரியைத் தாளம் போட்டு நிதானமாக்கினோம்.

அம்மா, முதல் வரிசையில் ஓரத்து நாற்காலி உங்களுக்கு. சனிக்கிழமை மாலை பிள்ளைகள் மறுபடி ஓடினால், அங்கிருந்தே கையைக் காட்டிவிடுங்கள்.

அன்புடன்,
குழு இசைப் பொறுப்பாசிரியர்