கோல் வளைந்தால்தான் கொடுங்கோல்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

முடியை ஒட்ட வெட்டச் சொன்ன கட்டொழுங்கு ஆசிரியரைக் 'கொடுங்கோலன்' என்று திட்டி ஒரு வாசகர் எழுதியிருந்தார். கொஞ்சம் அதிகம்தான்!

இங்கே 'கொடு' என்றால் வளைந்தது. எங்கள் தோட்டத்தில் செம்பனை (எண்ணெய்ப் பனை) குலை வெட்ட, நீளக் கம்பின் நுனியில் மாட்டும் அரிவாளைப் பாருங்கள், அந்த வளைவுதான். நேராக நின்றால் செங்கோல். திருக்குறளில் செங்கோன்மை 55ஆம் அதிகாரம், கொடுங்கோன்மை 56. கோலோடு நிற்கும் அரசன் குடிகளிடம் பொருள் கேட்பது, வேலோடு நிற்கும் வழிப்பறிக்காரன் 'இடு', அதாவது 'தா', என்பதைப் போன்றது என்கிறது 552ஆம் குறள். இத்தனைக்கும் அரசன் செய்வதை வள்ளுவர் 'இரவு', அதாவது இரத்தல், என்கிறார். பிச்சைதான், ஆனால் கையில் கோல் இருக்கிறதே!

சர்வாதிகாரம் வேறு. அது அதிகாரம் ஒரே கையில் குவிவது. கொடுங்கோன்மையில் வளைவது நீதி. அதைப் பலர் சேர்ந்தும் செய்யலாம்.

பால்மரம் (ரப்பர்) சீவிய என் தாத்தா, விடியற்காலைப் பெரட்டில் (ஆள் கணக்கெடுப்பில்) கத்தும் கங்காணியை 'முசுடு' என்பதோடு விட்டுவிடுவார். 'கொடுமைக்காரன்' என்ற சொல்லைப் பால் எடையில் கைவைத்த கிராணிக்கு (தோட்ட எழுத்தருக்கு) மட்டுமே வைத்திருந்தார்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்,
சுங்கை சிப்புட், பேராக்