கம்பின் பாரம் பாய்க்கு வேண்டாம்

கடலூர் முதுநகர்

அன்பு மாப்பிள்ளை,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்ததில் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. இங்கே சின்னவளுக்கு ஆவணியில் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. பத்திரிகை அடித்ததும் நானே புதுச்சேரிக்கு வந்து கொடுக்கிறேன். மற்றதெல்லாம் அப்போது பேசிக்கொள்ளலாம். உன் பாய்மரப் படகைப் பற்றித்தான் உடனே எழுதத் தோன்றியது.

விஸ்கர் கம்பு வாங்கியது மிக நல்ல காரியம். சித்திரை, வைகாசியில் நம் கரையில் தெற்கிலிருந்து வீசும் சோழகக் காற்று. கடலூரிலிருந்து வடக்கே புதுச்சேரிக்குப் போகும்போது அது முதுகுப்பக்கம் நிற்கும். பெரிய பாயின் மறைவில் முன்பாயான ஜிப் காற்றில்லாமல் துவளும். அதை மறுபக்கம் தள்ளி விரித்துப் பிடிக்கக் கம்பு வேண்டும். ஆனால், கம்பின் வெளிமுனையைப் பாய்மரத்திலிருந்து தூக்கிப் பிடிக்கும் கயிற்றைப் பற்றி, "டாப்பிங் லிஃப்ட் எதற்கு, இன்னொரு கயிறு இன்னொரு தொல்லை" என்று எழுதியிருக்கிறாயே, அதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

லிஃப்ட் இல்லாவிட்டால் கம்பின் வெளிமுனையைத் தூக்கிப் பிடிப்பது பாயின் மூலைதான். நல்ல காற்றில் பாய் அதைச் சமாளித்துவிடும். கரைக்காற்று அடங்கி, கடற்காற்று இன்னும் எழாத முற்பகலில் என்ன ஆகும்? கம்பின் பாரம் மூலையைக் கீழே இழுக்கும். படகு அலையில் ஒருமுறை உருண்டதும் பாய் சுருங்கும், மறுகணம் படீரென்று விரியும். தையல் பிரிவது இப்படித்தான். கம்பு நமக்கு அதிகம் தேவைப்படுவதே அந்த மெல்லிய காற்றில் அல்லவா?

லிஃப்ட் கயிறு ஓடும் கப்பியைப் பாய்மரத்தில் எவ்வளவு உயரத்தில் வைப்பது என்பதில் அவசரப்படாதே. உன் கம்பு மூன்றரை மீட்டர், ஐந்து கிலோ என்கிறாய். வெளிமுனையில் பாதி, அதாவது இரண்டரை கிலோ இறங்கும். பாய்மரத்தில் கம்பு மாட்டும் வளையத்துக்கு மேலே ஒரே மீட்டரில் கப்பியை வைத்தால் கயிற்றில் ஒன்பது கிலோ இழுவிசை வரும். மூன்றரை மீட்டர் மேலே வைத்தால் மூன்றரை கிலோதான். ஒன்பது கிலோவால் கயிறு அறுந்துவிடாது. தொல்லை வேறு இடத்தில் இருக்கிறது. தாழ்ந்த கப்பியில் கயிறு ஒரு விரற்கடை நெகிழ்ந்தால் கம்பின் முனை கிட்டத்தட்ட நான்கு விரற்கடை தொங்கும். உயர்ந்த கப்பியில் ஒன்றரைகூட வராது. முனை எந்த உயரத்தில் நிற்கிறது என்பதை வைத்துத்தான் பாயின் வடிவமே அமைகிறது: கூடுதலாக ஏறினால் பின்விளிம்பு தளரும், தாழ்ந்தால் இறுகும்.

முதலில் துளை போடாதே. உபரியாக இருக்கும் ஆஞ்சானை, அதாவது பாய் ஏற்றும் கயிற்றை, கம்பின் முனையில் கட்டி ஒருநாள் ஓட்டிப் பார். இடம் முடிவான பிறகு கப்பியைப் பொருத்தலாம். எவர்சில்வர் திருகுக்கும் அலுமினியப் பாய்மரத்துக்கும் நடுவே காப்புப் பசை தடவ மறக்காதே. உப்புத் தண்ணீர் பட்டால் அலுமினியம்தான் அரிக்கும். கயிறு எட்டு மில்லிமீட்டர் பாலியெஸ்டர் போதும். ஆறே பாரத்தைத் தாங்கும், ஆனால் ஈரக்கையில் பிடிபடாது. நைலான் நீளும், வேண்டவே வேண்டாம்.

லிஃப்ட் கம்பைக் கீழே விழாமல்தான் பார்த்துக்கொள்ளும். காற்று வீசி அடித்தால் முனை மேலே எகிறும். அதற்கு முனையிலிருந்து முன்தளத்துக்கு ஒரு கீழ்க்கயிறும் வேண்டும். கம்பின் கவ்வியைப் பாயின் மூலை வளையத்தில் மாட்டாமல், பாயின் மூலையை இழுத்துப் பிடிக்கும் தாமான் கயிறு அந்தக் கவ்விக்குள் ஓடும்படி விடு. வைகாசி மாலைகளில் மேற்கே கருத்து, இடியோடு காற்று பாய்ந்து வருவது உனக்குத் தெரியாததல்ல. அந்த நேரத்தில் தாமானைத் தளர்த்தி ஜிப்பைச் சுருட்டிவிடலாம். கம்பு லிஃப்டிலும் கீழ்க்கயிற்றிலும் அசையாமல் நிற்கும். ஆடும் முன்தளத்தில் ஓடிப்போய்க் கம்போடு நீ மல்லுக்கட்ட வேண்டியதில்லை. மாப்பிள்ளை, நீ பெரும்பாலும் தனியாகப் படகோட்டுகிறாய். இந்த ஒரு காரணத்துக்காகவே நான் இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் துறைமுகத்தில் கட்டிக் கிடக்கும். பழகிப் பார்க்க ஏற்ற சமயம். சிறு படகுகளின் வலை மிதவைகள் மட்டும் கவனம்.

வளையம் தளத்திலிருந்து எவ்வளவு உயரம், அதன் மேலே பாய்மரத்தின் பக்கக் கயிறுகளைத் தள்ளிப் பிடிக்கும் முதல் குறுக்குக்கை எவ்வளவு உயரம், இரண்டையும் அளந்து எழுது. கப்பியும் கயிறும் நான் வாங்கி வருகிறேன்.

அன்புடன்,
மச்சான்