பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்: இரவு எட்டரை மணிக்குப் பள்ளி வாசலில்

நாள்: 09.02.2026

அன்புள்ள பெற்றோருக்கும் பாதுகாவலர்களுக்கும் வணக்கம்.

பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி மீண்டும் சுறுசுறுப்பாகிவிட்டது. அரையாண்டுத் தேர்வு முடிவுகள் நிறைவாக இருந்தன. விளையாட்டுப் போட்டிகளிலும் சிலம்பத்திலும் குறள் ஒப்புவித்தலிலும் பரிசு பெற்றவர்களின் பெயர்கள் அறிவிப்புப் பலகையில் உள்ளன. பொங்கல் விழாவுக்குப் பானையும் கரும்பும் தந்து உதவிய அனைவருக்கும் நன்றி. பத்தாம் வகுப்புத் திருப்புதல் தேர்வு அட்டவணையைப் பிள்ளைகளிடம் கொடுத்திருக்கிறோம். வீட்டில் கண்ணில் படும் இடத்தில் ஒட்டிவையுங்கள்.

கடிதத்தின் மீதியை, பள்ளி மாடியில் வானம் பார்க்கும் வெள்ளிக்கிழமை இரவுகளைப் பற்றி எழுத விரும்புகிறேன்.

சென்ற ஆண்டு ஜூன் 25 அன்று இந்திய வீரர் சுபான்ஷு சுக்லா சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் புறப்பட்டார். மறுநாள் காலை வழிபாட்டில் அந்தச் செய்தியை வாசித்தபோது, ஆறாம் வகுப்பு மாணவன் ஒருவன் கையைத் தூக்கி, "அவர் தங்கப்போகும் நிலையம் நம் ஊருக்கு மேலே வருமா சார்?" என்று கேட்டான். வரும். சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில், ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை பூமியைச் சுற்றி வருகிறது அந்த நிலையம். பிறகு ஒருநாள் அந்தி மயங்கிய நேரத்தில் அவனையும் வகுப்பையும் மொட்டை மாடிக்கு அழைத்துப்போய்க் காட்டினோம். கண் சிமிட்டாத ஒரு வெளிச்சப் புள்ளி, சத்தமே இல்லாமல், சில நிமிடங்களில் வானத்தைக் கடந்து போனது. அதற்குள் மனிதர்கள் இருக்கிறார்கள் என்று சொன்னதும் பிள்ளைகள் கையசைத்தார்கள்.

வானம் பார்க்கும் இரவுகள் அந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்கின. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் நம் முன்னாள் மாணவர் ஒருவர் ஆறங்குலத் தொலைநோக்கி ஒன்றை வாங்கித் தந்தார். ஜனவரி முதல், நிலவொளி அதிகம் தொந்தரவு செய்யாத வெள்ளிக்கிழமைகளில், ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகள் மாலை 6.45 முதல் 8.30 வரை மாடியில் வானம் பார்க்கிறார்கள்.

முதல் இரவு ஜனவரி 9. வியாழன் கோள் மறுநாள் சூரியனுக்கு நேர் எதிரே வரவிருந்ததால் கிழக்கே பெரிதாக ஒளிர்ந்துகொண்டிருந்தது. பஞ்சாங்கத்தில் குரு மிதுனத்தில் என்று போட்டிருக்கிறதே, அந்த மிதுனத்தில்தான் அதைப் பார்த்தோம். 1610 ஜனவரியில் கலிலியோ கண்ட நிலவுகளைப் பிள்ளைகளும் கண்டு நோட்டில் புள்ளி வைத்துக்கொண்டார்கள்; அடுத்த முறை அவை இடம் மாறியிருந்ததையும் அவர்களே கண்டுபிடித்தார்கள். பேரனை அழைத்துப்போக வந்த அப்பத்தா ஒருவர், சனியைப் பார்க்கக் கூடாது என்று முதலில் மறுத்தார். பேரன் விடவில்லை. குனிந்து பார்த்தவர், "முத்தில் ஊசி கோத்த மாதிரி இருக்கிறதே" என்றார். சனியின் வளையம் ஏறக்குறைய 15 ஆண்டுகளுக்கு ஒருமுறை நம் பக்கம் விளிம்பைக் காட்டி ஒரு கோடாகத் தெரியும். சென்ற ஆண்டு அப்படி ஆனது. இப்போதும் மெல்லியதாகவே இருக்கிறது. அந்த அம்மையார் சொன்ன உவமையைத்தான் இப்போது வகுப்பில் சொல்லிக் கொடுக்கிறோம்.

இவ்வளவையும் மகிழ்ச்சியோடு எழுதிவிட்டேன். இனி எழுதப்போவது மனத்தை உறுத்துவது.

இரண்டாவது இரவு, ஜனவரி 23. மேற்கே சனியின் பக்கத்திலேயே பிறை இருந்தது. நிகழ்ச்சி எட்டரைக்கு முடிந்தது. எட்டே முக்காலுக்கு வாசலில் ஆறு பிள்ளைகள் காத்திருந்தார்கள். ஒன்பதுக்கு மூன்று பேர். கடைசியாக எட்டாம் வகுப்பு மாணவி ஒருவர் மட்டும் காவலரின் பெஞ்சில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சித்தப்பா அழைத்து வந்துவிடுவார் என்று அப்பா இருந்துவிட்டார். அண்ணன் போயிருப்பார் என்று சித்தப்பா இருந்துவிட்டார். நாங்கள் அழைத்த இரண்டு எண்களில் ஒன்று அணைத்து வைக்கப்பட்டிருந்தது, மற்றொன்றை யாரும் எடுக்கவில்லை. அவர் வீட்டுக்குக் கிளம்பியபோது மணி 9.40. உடன் காத்திருந்த அறிவியல் ஆசிரியை ஊருக்குப் போகும் கடைசிப் பஸ்ஸைத் தவறவிட்டார்.

அந்த மாணவி அழவில்லை. கையை நீட்டி விரல்களை மடக்கினால் அந்தக் கைமுட்டியின் அகலம் வானத்தில் 10 பாகை, பூமி சுழல்வதால் நட்சத்திரங்கள் மணிக்கு 15 பாகை நகரும் என்று முதல் இரவில் சொல்லிக் கொடுத்திருந்தோம். நம் ஊரில் துருவ நட்சத்திரம் வடக்கே ஒரு கைமுட்டி உயரத்தில்தான் நிற்கும் என்பதையும் அப்படி அளந்துதான் காட்டினோம். அந்தக் குழந்தை என்னிடம் சொன்னது இது: "சார், எட்டரைக்குப் பார்த்த இடத்திலிருந்து திருவாதிரை ஒன்றே முக்கால் முட்டி ஏறிவிட்டது." கணக்குப் போட்டுப் பார்த்தேன். சரியாக ஒரு மணி பத்து நிமிடம். சொல்லிக் கொடுத்த பாடம் இவ்வளவு நன்றாகப் பதிந்ததற்கு மகிழ வேண்டிய ஆசிரியன் நான். அன்று அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் நின்றேன்.

அடுத்த திங்கட்கிழமை அவருடைய தாயார் வந்து, இனி மகளை அனுப்பப்போவதில்லை என்று அமைதியாகச் சொல்லிவிட்டுப் போனார். செய்தி தெருவுக்குத் தெரு பரவியிருக்க வேண்டும். முதல் இரவில் வந்த மாணவிகள் 34 பேர். மூன்று நாட்களுக்கு முன், பிப்ரவரி 6 அன்று வந்தவர்கள் 11 பேர். பையன்களின் எண்ணிக்கை குறையவே இல்லை. தாமதமாக வந்தது சில வீடுகள். வானத்தை இழந்தது நேரத்தோடு வந்த வீட்டுப் பெண் பிள்ளைகள்.

தாய்மார்களின் அச்சத்தை நான் குறை சொல்ல மாட்டேன். நம் ஊர்த் தெருக்கள் எனக்கும் தெரியும். பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகள், ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும் மதில்கள், எட்டு மணிக்கு மேல் ஆள் நடமாட்டம் இல்லை. பட்டணத்துப் பள்ளிகளுக்குக் கிடைக்காத நட்சத்திரங்கள் நமக்குக் கிடைப்பது இந்த இருட்டால்தான். பிள்ளையைத் தனியே நிற்கவைக்க முடியாமல் இருப்பதும் இதே இருட்டால்தான். அதனால்தான் நேரம் இங்கே இவ்வளவு முக்கியமாகிறது.

ஆகவே ஒளிவு மறைவின்றி எழுதுகிறேன். எட்டரை என்றால் எட்டரைதான். கடை அடைக்கும் நேரம், விருந்தாளி வந்துவிட்டார், வண்டியில் பெட்ரோல் இல்லை என்ற காரணங்களை இனிமேல் கேட்டுக்கொள்ள இயலாது. பிப்ரவரி 20 அன்று எட்டே முக்காலுக்குப் பிறகு ஒரு குழந்தையாவது வாசலில் காத்திருந்தால், இந்த ஆண்டு வானம் பார்க்கும் இரவுகளை அத்துடன் நிறுத்திவிடுவேன். தாமதமாக வந்த வீட்டுப் பிள்ளையை மட்டும் விலக்கலாமே என்று சிலர் யோசனை சொன்னார்கள். பெரியவர்கள் செய்த தவறுக்குக் குழந்தையைத் தண்டிக்க எனக்கு விருப்பமில்லை.

இப்படி எழுத நேர்ந்ததில் எனக்கு வருத்தம்தான். உங்களில் பலர் விடியற்காலையில் எழுந்து, கடையிலும் ஆலையிலும் வயலிலும் நின்றுவிட்டு, இரவில் பிள்ளையை அழைக்க வருகிறீர்கள் என்பதை அறிவேன். அதற்காகச் சில ஏற்பாடுகள் செய்திருக்கிறோம். இத்துடன் உள்ள சீட்டில் பிள்ளையை அழைத்துப்போகும் இரண்டு பெரியவர்களின் பெயரையும் எண்ணையும் எழுதித் தாருங்கள். எட்டேகாலுக்கு நாங்களே அழைத்து நினைவூட்டுவோம். ஒரே தெருவில் உள்ள மூன்று நான்கு வீட்டார் முறைவைத்து வந்தால் இன்னும் நல்லது. யார் பிள்ளை யாருடன் போகலாம் என்று எழுத்தில் இருந்தால் போதும்.

இவை எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்த வழி, நீங்கள் ஏழே முக்காலுக்கே வந்துவிடுவது. நேரே மாடிக்கு வாருங்கள். உங்களுக்கும் நாற்காலி போட்டு வைக்கிறோம். வாசலுக்கு முன்பே வண்டி விளக்கை அணைத்துவிடுங்கள். இருட்டுக்குக் கண் பழக இருபது நிமிடமாவது ஆகும், ஒரே ஒரு முகப்பு விளக்கு அத்தனை பேர் கண்ணையும் கெடுத்துவிடும். பிறகு உங்கள் மகளையே காட்டச் சொல்லுங்கள். ஓரியன் என்னும் வேடன் வடிவ நட்சத்திரக் கூட்டத்தின் வாள் பகுதியில் மங்கலான புகைபோல் ஒரு மேகம் தெரியும். புது நட்சத்திரங்கள் பிறந்துகொண்டிருக்கும் இடம் அது. அங்கிருந்து ஒளி வந்து சேரச் சுமார் 1300 ஆண்டுகள் ஆகின்றன. பல்லவர் காலத்தில் கிளம்பிய வெளிச்சம் நம் பள்ளி மாடியில் வந்து இறங்குகிறது. அதற்கு மேலே செம்மையாக ஒளிரும் நட்சத்திரம்தான் திருவாதிரை. மார்கழியில் களி கிண்டுகிறோம். நகரத்தார் வீடுகளில் பெண் குழந்தைக்குத் திருவாதிரைப் புதுமை செய்து கொண்டாடுகிறார்கள். அந்த நட்சத்திரத்தை நம் பெண் பிள்ளைகள் நிமிர்ந்து பார்க்க ஒன்றே முக்கால் மணி நேரம் கேட்கிறேன்.

சூரியனை ஆராய இந்தியா அனுப்பிய ஆதித்யா எல்-1 விண்கலத்தின் திட்ட இயக்குநர் நிகர் ஷாஜி, செங்கோட்டையில் பிறந்து அங்கே அரசுப் பள்ளியில் படித்தவர். சந்திரயான்-2 திட்ட இயக்குநராக இருந்தவர் வனிதா. இந்தப் பெயர்களை வகுப்பில் சொன்னபோது அந்த எட்டாம் வகுப்பு மாணவி நோட்டில் எழுதி அடிக்கோடிட்டு வைத்திருக்கிறார். வியாழனின் நிலவுகளைக் குறித்துவைத்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் அது. ஜனவரி 23-க்குப் பிறகு அந்த நோட்டில் எதுவும் எழுதப்படவில்லை. அவருடைய பெற்றோரைச் சந்திக்க இந்த வாரம் நானும் ஆசிரியையும் வீட்டுக்கு வருகிறோம்.

அடுத்த இரவு பிப்ரவரி 20, வெள்ளிக்கிழமை. அதன் பிறகு மார்ச் 3, செவ்வாய்க்கிழமை சந்திர கிரகணம். அன்று நம் ஊரில் நிலா எழும்போதே ஒரு பக்கம் கடிபட்டு எழும், மாலை 6.47-க்கு முழுதாகிவிடும். சந்திர கிரகணத்தை வெறும் கண்ணால் பார்க்கலாம், கண்ணுக்கு ஒரு கெடுதலும் இல்லை. அன்று ஏழேகாலுக்கு வந்து அழைத்துக்கொள்ளலாம். வீட்டு வழக்கப்படி கிரகண நேரத்தில் வெளியே அனுப்பாதவர்களை வற்புறுத்த மாட்டோம்.

சீட்டுகளை பிப்ரவரி 16, திங்கட்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் சேர்ப்பியுங்கள். முதல் இரவிலிருந்து எட்டரைக்கு முன்பே வந்து நிற்கும் பெற்றோர்களுக்கும், பக்கத்து வீட்டுப் பிள்ளையையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனவர்களுக்கும், அன்றிரவு தம் சுக்குக் காப்பியை அந்தக் குழந்தைக்குக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்த எங்கள் காவலருக்கும், மறுநாள் ஒரு சொல்லும் சொல்லாமல் அடுத்த இரவுக்குத் தொலைநோக்கியைத் துடைத்துவைத்த ஆசிரியைக்கும் என் மனமார்ந்த நன்றி.

அன்புடன்,
தலைமையாசிரியர்