சாவி யார் பையில் இருந்தது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். போன வாரம் உங்கள் நாளிதழில் உள்பக்க மூலையில் ஐந்து வரிச் செய்தி ஒன்று வந்திருந்தது. கலவை இயந்திரத்துக்குள் இறங்கிச் சுத்தம் செய்துகொண்டிருந்த தொழிலாளி, 'எதிர்பாராதவிதமாக இயந்திரம் இயங்கியதில்' உடல் நசுங்கி இறந்துவிட்டார், போலீசார் வழக்குப் பதிந்து விசாரித்து வருகின்றனர். அவ்வளவுதான். இறந்தவரின் வயது இருந்தது, சொந்த மாநிலம் இருந்தது, உடலை எங்கே பிரேதப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள் என்பதுகூட இருந்தது. சுவிட்சைப் போட்டது யார் என்று மட்டும் இல்லை.

எனக்கு அந்த 'எதிர்பாராதவிதமாக' மேல்தான் கோபம். கோவையில் முப்பத்து நான்கு வருஷம் மில் எலக்ட்ரீஷியனாக இருந்தவன் நான். மோட்டார் சும்மா தானாக ஓடி நான் பார்த்ததில்லை. கரண்ட் வந்தால் ஓடும், அந்தக் கரண்ட்டை ஒரு கை விட்டிருக்கும், இல்லாவிட்டால் ஏதோ ஒரு ஆட்டோ சுவிட்ச் விட்டிருக்கும். பத்து இருபது பேர் நடமாடுகிற இடத்தில், பூட்டாமல் வெறுமனே இறக்கி வைத்த மெயினை யாராவது ஒருவர் எப்போதாவது ஏற்றத்தான் செய்வார். இதில் எதிர்பாராதது என்ன இருக்கிறது?

நான் 1981-ல் வேலைக்குச் சேர்ந்தபோது எங்கள் மில்லில் எம்சிபி என்கிற, கோளாறு வந்தால் தானாக விழும் சுவிட்ச் எல்லாம் கிடையாது. இரும்புப் பெட்டி மெயின் சுவிட்ச், உள்ளே ஃபியூஸ் கம்பி மாட்டிய மூன்று பீங்கான் கேரியர். எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த ஹெட் எலக்ட்ரீஷியன் அண்ணன், எந்த மெஷினில் கை வைப்பதாக இருந்தாலும் முதலில் ஹேண்டிலை இறக்குவார், மூடியைத் திறப்பார், மூன்று கேரியரையும் பிடுங்கித் தன் காக்கி டிரவுசர் பையில் போட்டுக்கொள்வார். அப்புறம்தான் ஸ்பேனரைத் தொடுவார். "பாக்கெட் கனமா இருந்தாத்தான் கையை உள்ள விடணும்" என்பார். ஒருநாள் மறந்துபோய் அந்தக் கேரியர்களோடு வீட்டுக்குச் சாப்பிடப் போய்விட்டார். நூல் நூற்கும் ரிங் ஃபிரேம் ஒன்று முக்கால் மணி நேரம் சும்மா நிற்கிறது, ஸ்பின்னிங் மாஸ்டர் குதிக்கிறார், சைக்கிளில் ஆளை விரட்டுகிறார்கள், அண்ணன் கை கழுவியும் கழுவாமலும் ஓடிவந்து எல்லார் முன்னாலும் திட்டு வாங்கினார். எங்களுக்கெல்லாம் ஒரே சிரிப்பு. ஆனால் அந்த முக்கால் மணி நேரமும் அந்த மெஷினை முதலாளியே வந்திருந்தாலும் ஓட்டியிருக்க முடியாது என்று அன்றைக்கு யாரும் யோசிக்கவில்லை, நான் உட்பட.

தொண்ணூறுகளில் பேனல் எல்லாம் மாறி எம்சிபி வந்தது. நல்ல சாதனம்தான், குறை சொல்ல மாட்டேன், ஷார்ட் ஆனால் உடனே விழும். ஆனால் பிடுங்கிப் பையில் போட்டுக்கொள்ள அதில் ஒன்றும் இல்லை. கறுப்பு நெம்பு கீழே இருக்கும், போகிற வருகிற யார் வேண்டுமானாலும் ஒரு விரலால் மேலே தள்ளிவிடலாம். கேரியர் போன இடத்தில் நாங்கள் ஒரு அட்டையைக் கொண்டுவந்து வைத்தோம். 'ஆள் வேலை செய்கிறார், சுவிட்சைப் போடாதே' என்று எழுதிச் சணலில் கட்டித் தொங்கவிடுவோம்.

பஞ்சைச் சிக்கெடுக்கும் ஒரு கார்டிங் மெஷினில் அந்த அட்டையை மாட்டியவன் நான். பெல்ட் வேலை, ஆயிலர் பையன் பின்பக்கம் லிக்கரின் என்கிற பல் உருளைக்கு அடியில் கை விட்டுக் கழிவைத் துழாவி எடுத்துக்கொண்டிருந்தான். நான் ஒரு போல்ட் எடுக்க ஸ்டோருக்குப் போயிருந்தேன். ஷிப்ட் மாறுகிற நேரம். அட்டை கீழே விழுந்ததா, பஞ்சு கூட்டுகிறவர்கள் எடுத்துப் போட்டார்களா என்று இன்றுவரை தெரியாது. புதிய ஷிப்டின் ஜாபர், அதாவது மேஸ்திரி, வந்து பார்க்கிறார், எம்சிபி ட்ரிப் ஆகிக் கிடப்பதாக நினைக்கிறார், ஏற்றுகிறார், முன்பக்கம் போய்ப் பச்சைப் பட்டனை அமுக்குகிறார். முன்னால் நின்றால் பின்னால் குனிந்திருப்பவன் தெரியவே மாட்டான். மூன்று விரல் போய்விட்டது. விசாரணையில் 'தொழிலாளியின் கவனக்குறைவு' என்று எழுதினார்கள். பையன் கவனமாகத்தான் இருந்தான். ஜாபரும் கெட்டவர் இல்லை, அடுத்த ஒரு மாதம் அவர் சரியாகச் சாப்பிடவே இல்லை. தொங்கவிட வேண்டிய இடத்தில் பூட்டு இல்லை, அட்டைதான் இருந்தது. பூட்டு என்று ஒன்று இருப்பதே எனக்கு அப்போது தெரியாது.

இன்றைக்குப் பெரிய கம்பெனிகளில் 'லோட்டோ' என்கிறார்களே, லாக் அவுட் டேக் அவுட், அது அண்ணனின் டிரவுசர் பைதான், கொஞ்சம் முறைப்படுத்தியிருக்கிறார்கள். எம்சிபி நெம்பின் மேல் கவ்வுகிற ஒரு சின்ன கிளாம்ப், அதில் ஒரு பூட்டு, சாவி வேலை செய்கிறவன் பையில். நான்கு பேர் உள்ளே இறங்கினால் நான்கு பூட்டு. அதற்கென்று ஆறு ஓட்டை உள்ள ஒரு கொக்கி இருக்கிறது, ஆளுக்கு ஒரு ஓட்டையில் பூட்டிக்கொள்ள வேண்டும், கடைசி ஆள் வெளியே வந்து தன் பூட்டைத் தானே எடுக்கும்வரை மெயின் ஏறாது. சூப்பர்வைசர் ஒரே பூட்டாகப் போட்டுச் சாவியைத் தன் மேஜையில் வைத்துக்கொள்வது இதில் சேராது. அமெரிக்காவில் ஓஷா என்கிற அரசு அமைப்பு இதற்கென்றே 1989-ல் தனி விதி போட்டிருக்கிறது, சரியாகக் கடைப்பிடித்தால் வருஷத்துக்கு 120 சாவுகளைத் தடுக்கலாம் என்பது அவர்கள் போட்ட கணக்கு.

அட்டையும் வேண்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. யார் பூட்டியது, எதற்கு என்று அதில்தான் எழுத முடியும். ஆனால் இன்று கோவை, திருப்பூர் பட்டறைகளில் வேலை செய்பவர்களில் எத்தனை பேர் பீகார், ஒடிசா, ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்கள் என்று பாருங்கள். தமிழில் எழுதித் தொங்கவிட்டால் அவர்களுக்கு அது வெறும் அட்டை. பூட்டைப் பார்த்தால் எந்த ஊர்க்காரனுக்கும் புரியும், புரியாவிட்டாலும் திறக்க முடியாது.

பேப்பரை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்குப் பெரிய உதாரணம் ஒன்று உண்டு. 1988 ஜூலை 6, ஸ்காட்லாந்துக்கு அப்பால் வடகடலில் பைப்பர் ஆல்பா என்ற எண்ணெய்த் தளம். ஒரு பம்பின் சேஃப்டி வால்வைப் பழுதுபார்க்கக் கழற்றிவிட்டு, அந்தக் குழாய் வாயில் தற்காலிகமாக ஒரு மூடித் தகட்டை வைத்திருந்தார்கள், கசியாத அளவுக்கு இறுக்கவில்லை. இந்த வேலைக்கு ஒரு பர்மிட் (அனுமதி) தாள், பம்புக்கு இன்னொரு தாள். இரவு ஷிப்டில் அடுத்த பம்பு நின்றுபோனது. பம்புக்கான தாளைப் பார்த்தவர்களுக்கு வால்வுக்கான தாள் கண்ணில் படவில்லை, வால்வு கழற்றிய அந்தப் பம்பைப் போட்டுவிட்டார்கள், இறுக்காத தகட்டு வழியே கசிந்தது வெடித்தது. 167 பேர் இறந்துபோனார்கள். படித்தவர்கள், பயிற்சி பெற்றவர்கள், பணத்துக்குக் குறைவில்லாத கம்பெனி. ஷிப்ட் மாறும்போது ஒரு தாள் கைமாறவில்லை, எங்கள் கார்டிங் மெஷினில் நடந்ததும் அதேதான்.

சரி, பூட்டிவிட்டால் எல்லாம் முடிந்ததா என்றால் இல்லை, இங்கேதான் அனுபவசாலிகளே மாட்டிக்கொள்கிறார்கள். மெயினை இறக்கிய பிறகும் மெஷினுக்குள் சக்தி தங்கியிருக்கும். கார்டிங் சிலிண்டர் சுவிட்சை அணைத்த பிறகும் நிமிஷக்கணக்கில் சுற்றும், சத்தம் குறைந்தவுடன் நின்றுவிட்டது என்று நினைத்துக் கை விட்டவர்கள் உண்டு. பவர் பிரஸ்ஸின் ஃபிளைவீலும் அப்படித்தான். போதாததற்கு மேலே தூக்கி நிற்கிற ராம் என்கிற அடிக்கும் பகுதி எப்போது வேண்டுமானாலும் இறங்கலாம், அடியில் முட்டுக்கட்டை கொடுக்காமல் கீழே உள்ள டையில், அதாவது அச்சில், கை வைக்கவே கூடாது. கம்ப்ரஸர் நின்றாலும் சிலிண்டரில் காற்று நிற்கும், வால்வைத் திறந்து வெளியே விட வேண்டும். திருப்பூர் பக்கம் பாலியஸ்டர் சாயமேற்றும் மெஷினில் 130 டிகிரியில் தண்ணீர் அழுத்தத்தோடு இருக்கும், அழுத்தம் முழுதும் இறங்காமல் மூடியைத் தளர்த்தினால் மூடியும் வரும், கொதிநீரும் வரும். இப்போது எல்லா மோட்டாருக்கும் முன்னால் வேகத்தைக் கட்டுப்படுத்த ஒரு டிரைவ் வைக்கிறார்கள், அதற்குள் இருக்கும் கப்பாசிட்டரில் 550 வோல்ட்டுக்கு மேல் இருக்கும், மெயின் போய் பல நிமிஷம் கழித்துத்தான் அது வடியும். எத்தனை நிமிஷம் காத்திருக்க வேண்டும் என்று பெட்டியின் மேலேயே எழுதியிருக்கிறது, யாரும் படிப்பதில்லை. மொட்டைமாடி சோலார் தகடு இன்னும் மோசம், வெயில் இருக்கிறவரை அதிலிருந்து வருகிற ஒயரில் கரண்ட் இருக்கும், அதை எந்த மெயினாலும் அணைக்க முடியாது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், சிவப்புக் காளான் பட்டனை அமுக்கிவிட்டு உள்ளே இறங்குகிறவர்களை இன்றும் பார்க்கிறேன். எமர்ஜென்சி பட்டன் அவசரத்துக்கு மெஷினை நிறுத்துவதற்கு. அது கன்ட்ரோல் ஒயரைத்தான் வெட்டும், பவர் அப்படியே மோட்டாருக்குக் கரண்ட் விடுகிற கான்டாக்டர் சுவிட்சின் வாசலில் காத்துக்கொண்டு நிற்கும், கான்டாக்டர் பாயிண்ட் ஒட்டிக்கொண்டிருந்தால் நிற்கவே நிற்காது. பூட்டிய பிறகு ஸ்டார்ட் பட்டனை ஒருமுறை அமுக்கிப் பார்க்க வேண்டும், டெஸ்டரை முதலில் உயிருள்ள பாயிண்ட்டில் வைத்து எரிகிறதா பார்த்துவிட்டு அப்புறம் இங்கே வைக்க வேண்டும். கெட்டுப்போன டெஸ்டரும் 'கரண்ட் இல்லை' என்றுதான் சொல்லும்.

இது மில்லுக்கு மட்டும் உள்ள கதை என்று நினைக்க வேண்டாம். தோட்டத்தில் மும்முனை மின்சாரம் எப்போது வரும் என்று தெரியாததால் முக்கால்வாசிப் பேர் மோட்டாருக்கு ஆட்டோ ஸ்டார்ட்டர் வைத்திருக்கிறார்கள். கரண்ட் இல்லாத நேரத்தில் மோட்டாரையும் பம்பையும் இணைக்கும் கப்ளிங்கைக் கழற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள், ஆட்டோ அதன் பாட்டுக்கு ஆனிலேயே இருக்கும். கரண்ட் வந்தால் அது உங்களைக் கேட்டுக்கொண்டா போடும்? ஈபி லைன்மேன்கள் 'எல்சி', அதாவது லைன் அணைத்தாயிற்று என்கிற 'லைன் கிளியர்' அனுமதி, வாங்காமல் கம்பத்தில் ஏறக்கூடாது என்று விதி வைத்திருக்கிறார்கள், லைனை அணைத்தபின் எர்த் ராடு போடுவதும் முறைதான். அப்படியும் யாரோ ஒரு வீட்டில் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இல்லாமல் ஜெனரேட்டரை இணைத்திருந்தால் அந்தக் கரண்ட் திரும்பிக் கம்பத்துக்குப் போகும். லைன்மேன் இறந்தால் அதற்கும் நீங்கள் 'எதிர்பாராதவிதமாக' என்றுதான் போடுவீர்கள்.

சட்டம் இல்லையா என்றால் எப்போதோ வந்தாகிவிட்டது. போபால் விஷவாயு விபத்து நடந்த பிறகு 1987-ல் தொழிற்சாலைகள் சட்டத்தைத் திருத்தினார்கள். தற்செயலாக ஆஃப்-லிருந்து ஆன்-க்கு மாறிவிடக்கூடிய சுவிட்ச் இருந்தால் அதைப் பாதுகாப்பான நிலையில் பூட்டி வைக்க ஏற்பாடு இருக்க வேண்டும் என்று 24-ம் பிரிவில் அப்போதுதான் சேர்த்தார்கள். எங்கள் பையனுக்கு விரல் போனது அதற்குப் பல வருஷம் கழித்து. பொதுவாக 10 பேருக்குக் குறைவாக வேலை செய்யும் பட்டறைக்கு அந்தச் சட்டமே இருந்ததில்லை. 2020-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பில், மின்சாரம் உபயோகிக்கும் இடங்களுக்கு அந்த 10 இப்போது 20 ஆகியிருக்கிறது. கணபதியிலும் பீளமேட்டிலும் ஏழெட்டுப் பேர் வைத்து ஓட்டுகிற லேத்துப் பட்டறை, பிரஸ் பட்டறை எத்தனை இருக்கின்றன என்று எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள். மெஷினுக்கு ஆள் கணக்கா தெரியும்?

முதலாளிகள் சொல்லும் காரணம் எப்போதும் ஒன்றுதான், நேரம். பூட்ட, அழுத்தம் இறக்க, டெஸ்ட் பண்ண எல்லாம் சேர்ந்து பத்து நிமிஷம் ஆகுமாம், டெலிவரி போய்விடுமாம். கிளாம்பும் பூட்டும் சேர்த்தால் சில நூறு ரூபாய், ஆபீஸ் ரூமுக்கு வாங்கும் பிளாஸ்டிக் பூச்செண்டு அதைவிட விலை அதிகம். தொழிலாளிகளிடமும் குறை உண்டு, ஒத்துக்கொள்கிறேன். "நான் பார்க்காத மெஷினா" என்பார்கள், நானும் சொல்லியிருக்கிறேன்.

உங்களிடம் கேட்பது சின்ன உதவி. அடுத்த தடவை இப்படி ஒரு செய்தி வரும்போது, எஃப்ஐஆரில் இருப்பதை அப்படியே போடாமல், மெயின் இறக்கப்பட்டிருந்ததா, பூட்டியிருந்தார்களா, சாவி யார் பையில் இருந்தது என்ற மூன்றை உங்கள் நிருபர் ஸ்டேஷனிலும் கம்பெனியிலும் கேட்கட்டும். பதில் வராவிட்டால் 'கேட்டோம், பதில் இல்லை' என்று போடுங்கள். தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் அதிகாரி போய்ப் பார்த்தாரா, பார்த்து என்ன எழுதினார் என்பதையும் ஒரு மாதம் கழித்து விசாரித்து வெளியிடுங்கள். போன வாரம் இறந்தவர் விஷயத்திலேயே இதை ஆரம்பிக்கலாம், அந்தக் கலவை இயந்திரத்தின் பேனல் இன்னும் அங்கேயேதான் இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மில் எலக்ட்ரீஷியன் ஒருவர்,
கோயம்புத்தூர்.